கூட்டல் தெரிந்த வக்கீல்

கேள்வி: அரசு வக்கீலுக்குச் சம்பளம் கொடுப்பதே அரசுதான். அதே அரசை ஆள்பவரின் ஊழலை எதிர்த்து அவர் எப்படி வாதாடுவார்? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வாதாட மாட்டார். சென்னையில் பார்த்தோமே! ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு. 2001இல் அவர் மீண்டும் முதல்வரானதும், ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேரைத் திரும்பக் கூண்டுக்கு அழைத்தார்கள். 64 பேர் பேச்சை மாற்றினார்கள். அரசுத் தரப்பு வக்கீலோ அவர்களைப் பிறழ்சாட்சிகளாக அறிவிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார் (அவருக்கும் அரசியல் கணக்கு உண்டு, மறைப்பானேன்). 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருவுக்குப் போனது. வக்கீலை நியமிக்கும் அதிகாரமும் கூடவே கர்நாடகத்துக்குப் போனதே, அந்த உத்தரவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அப்படி வந்தவர் பி.வி. ஆச்சார்யா. 2011இல் கர்நாடக அரசு அவரை அட்வகேட் ஜெனரலாகவும், அதாவது மாநில அரசின் தலைமை வக்கீலாகவும், ஆக்கியது. ஒருவருக்கு இரண்டு பதவியா என்று சர்ச்சை கிளம்பியது. மனிதர் பெரிய நாற்காலியை உதறிவிட்டு இந்த வழக்கை வைத்துக்கொண்டார்! ஆறே மாதத்தில், 2012 ஆகஸ்டில், நெருக்கடி தாங்காமல் இதையும் விட்டார்.

2014இல் நீதிபதி குன்ஹா நான்காண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நடந்த மேல்முறையீட்டில் அரசுத் தரப்புக்காக நின்றவர் பவானி சிங். நியமித்தது யார்? தமிழ்நாடு அரசு! செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது வாதங்களே முடிந்துவிட்டன. திரும்ப அழைக்கப்பட்ட ஆச்சார்யாவுக்குக் கிடைத்தது ஒரு நாள். எழுதிக் கொடுக்கலாம், வாய் திறந்து வாதாட முடியாது. 2015 மே 11 அன்று எல்லோரும் விடுதலை.

தீர்ப்பு வந்த கையோடு, அதில் வருமானமாகச் சேர்த்திருந்த கடன் பட்டியலை ஆச்சார்யா கூட்டிப் பார்த்தார். விடுதலை செய்த நீதிபதி குமாரசாமி போட்டிருந்த மொத்தம் 24.17 கோடி. வரிசையாகக் கூட்டினால் வருவதோ 10.67 கோடி. பதின்மூன்றரைக் கோடி ரூபாய் வருமானம் வெறும் கூட்டலில் முளைத்திருந்தது! அதை வைத்துத்தான் வருமானத்தை மிஞ்சிய சொத்து 8.12 சதவீதம், பத்துக்குள் இருப்பதால் குற்றமில்லை என்று விட்டிருந்தார்கள். சரியாகக் கூட்டினால் 76 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பிரம்படி வாங்கும் கணக்கு இது.

2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பை நிலைநிறுத்தியது. சசிகலா உள்ளிட்ட மூவர் பரப்பன அக்ரகாரச் சிறைக்குப் போனார்கள். வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது.

சம்பளம் என்றீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கை நடத்திய கர்நாடகம், செலவுக்கு 12 கோடி ரூபாய்க்கு மேல் பில் போட்டது. போய்ச் சேர்ந்த இடம் தமிழ்நாடு அரசு.