வெள்ளிக்காக உருக்கப்பட்ட படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மௌனப் படக் காலத்தைப் பற்றி எழுதியபோது, இங்கிலாந்தின் திரைப்பட முன்னோடி செசில் ஹெப்வொர்த் என்பவரை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த வரி போதாது என்று நீலகிரி மலையின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. இம்மாதப் பக்கம் முழுவதும் அவருக்கே உரியது.

கேள்வி: இங்கிலாந்தில் ஹெப்வொர்த் படமெடுக்கத் தொடங்கும் முன்பே வேறு பலர் படமெடுத்திருக்கிறார்கள். அவரை மட்டும் ஏன் சிறப்பித்துச் சொல்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: முன்னோடிகள் பலர் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இத்தொழிலை விட்டு விலகிவிட்டார்கள். ஒரு நிமிடத் துண்டுப் படங்களில் தொடங்கி, முழுநீளக் கதைப் படங்கள் வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு விடாமல் நின்றவர் ஹெப்வொர்த். அந்தத் தொடர்ச்சிதான் அவருடைய தனிச்சிறப்பு என்பது என் எண்ணம்.

அவர் 1874-இல் லண்டனின் லாம்பெத் பகுதியில் பிறந்தார். கண்ணாடித் தகடுகளில் தீட்டிய படங்களை விளக்கொளியால் திரையில் பெரிதாக்கிக் காட்டி, ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றியவர் அவருடைய தந்தை. இருட்டறையும் திரையும் அந்தப் பிள்ளைக்கு வீட்டுப் பாடம். 1897-இல், இருபத்து மூன்று வயதில், அசையும் படம் எடுக்கும் முறையை விளக்கி அவர் ஒரு கையேடு எழுதினார். பிரிட்டனில் இத்துறையைப் பற்றி வந்த முதல் நூல்களில் அது ஒன்று. நீளமான படச்சுருளை நிறுத்தாமல் கழுவி எடுக்கும் இயந்திரம் ஒன்றையும் வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். பார்த்துவந்த வேலை போனபின், உறவினர் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, தேம்ஸ் கரையிலுள்ள வால்டன் என்ற ஊரில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தார். அந்த வீட்டுக் கொல்லையில் போட்ட பலகை மேடைதான் அவருடைய முதல் படப்பிடிப்புத் தளம்.

1900-இல் அவர் எடுத்த ஒரு படத்தில், மோட்டார் வண்டி நேரே கேமராவை நோக்கி வந்து பார்வையாளர் மீதே ஏறுவதுபோல் மோதுகிறது. இன்னொன்றில் கார் வெடித்துச் சிதற, வானத்திலிருந்து விழும் உடல் உறுப்புகளைக் காவலர் ஒருவர் பொறுக்கிச் சேர்க்கிறார். 1901-இல் விக்டோரியா ராணியின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தபோது, ஊரே அடங்கிக் கிடந்த அமைதியில் தம் கேமராவின் கைப்பிடிச் சத்தம் கடகடவென்று எழுந்ததில் கூசிப்போனதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1903-இல் பெர்சி ஸ்டோவுடன் சேர்ந்து எடுத்த 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' ஏறத்தாழ 800 அடி நீளமுள்ளது. அந்நாளில் பிரிட்டனில் எடுக்கப்பட்ட மிக நீளமான படம் அதுவே. அதில் ஹெப்வொர்த்தும் நடித்தார், அவர் மனைவியும் நடித்தார். நடிப்பு, படப்பிடிப்பு, கழுவுதல் என்று எல்லோரும் எல்லா வேலையும் செய்த காலம் அது.

அவருடைய பார்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்சிக்குக் காட்சி வெட்டித் தாவுவது அவருக்குப் பிடிக்காது. கேத்திப் பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கி எதிர்ச்சரிவு கண்ணுக்குத் தெரியாமல் மறைவதுபோல, ஒரு காட்சி மெல்ல மங்கி அடுத்தது மெல்லத் தெளிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலேயக் கிராமத்து வேலிகளையும் வயல்களையும் ஆற்றங்கரைகளையும் நிதானமாகக் காட்டினார். முதல் உலகப் போருக்குப் பின் விரைந்து ஓடும் அமெரிக்கப் படங்கள் திரைகளை நிறைத்தபோது, இந்த நிதானத்தைப் பழைய பாணி என்று ஒதுக்கினார்கள். அந்தத் தீர்ப்பு முழுதும் நியாயமானதென்று நான் நினைக்கவில்லை. ஒரு நிலத்தை இவ்வளவு அன்போடு பார்க்கும் கண்கள் எந்தக் காலத்திலும் அரியவை.

கேள்வி: திருடப்பட்ட குழந்தையை நாய் கண்டுபிடிக்கும் 'ரெஸ்க்யூட் பை ரோவர்' படம் ஹெப்வொர்த் இயக்கியதுதானே?
– ஆசிரியை, கோத்தகிரி

பதில்: இல்லை. 1905-இல் வெளிவந்த அப்படத்தை இயக்கியவர் லூயின் ஃபிட்ஸ்ஹேமன். ஹெப்வொர்த் அதன் தயாரிப்பாளர். ஆயினும் அதைக் குடும்பப் படமென்றே சொல்லலாம். கதை அவர் மனைவியுடையது. தந்தையாக அவரும், தாயாக மனைவியும், குழந்தையாக அவர்களுடைய மகளும், ரோவராக அவர்கள் வீட்டு நாய் பிளேரும் நடித்தார்கள். செலவு 7 பவுன் 13 ஷில்லிங் 9 பென்ஸ். நாய் தெருவில் ஓடி, ஆற்றை நீந்தி, வீடு வீடாக மோப்பம் பிடித்துச் செல்வதைத் துண்டு துண்டாக எடுத்து, ஓட்டத்தின் திசை மாறாமல் கோத்திருக்கிறார்கள். இன்றைய பிள்ளைகளும் குழம்பாமல் கதையைப் பின்தொடர முடியும். உங்கள் வகுப்பில் போட்டுக் காட்டுங்கள்.

ஏறத்தாழ 395 பிரதிகள் விற்றன. ஒவ்வொரு பிரதி எடுக்கும்போதும் மூலப் படச்சுருள் அச்சுப் பொறிக்குள் ஓடித் தேய்ந்ததால், முழுப் படத்தையும் மறுபடி எடுத்து, பின்னர் மூன்றாம் முறையும் எடுக்க நேர்ந்தது. அக்காலத்தில் படங்களை வாடகைக்கு விடும் வழக்கம் வேரூன்றவில்லை. காட்சி நடத்துவோர் அடிக்கணக்கில் விலைக்கே வாங்கினார்கள். மலைக்குக் கீழே கோயம்புத்தூரின் சாமிக்கண்ணு வின்சென்ட், அதே 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கிக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டதும் இதே முறையில்தான்.

கேள்வி: என் தந்தை ஊட்டி எச்.பி.எஃப். (இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 'பிலிமில் வெள்ளி இருக்கிறது' என்று அடிக்கடி சொல்வார். ஹெப்வொர்த்தின் படங்களை வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?
– இல்லத்தரசி, உதகை

பதில்: வருத்தத்தோடு சொல்கிறேன், உண்மைதான். உங்கள் தந்தை சொன்னதும் சரியே. வெள்ளி உப்புகளை ஜெலட்டினில் கலந்து படச்சுருளின் மேல் மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். ஒளிபட்ட துகள்கள் கழுவும்போது கருமையான உலோக வெள்ளியாக மாறுகின்றன. ஒளிபடாதவை கரைந்து போகின்றன. ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் காணும் கருமை முழுவதும் வெள்ளியே.

ஹெப்வொர்த் 1919-இல் தம் நிறுவனத்தை விரிவாக்கிப் பெரிய படப்பிடிப்புத் தளம் அமைக்கத் திட்டமிட்டார். பங்குகளை வெளியிட்டும் தேவையான மூலதனம் திரளவில்லை. 1924-இல் நிறுவனம் நொடித்தது. சொத்தைப் பொறுப்பேற்றவர்கள் கடனை அடைப்பதற்காக அங்கிருந்த மூலச்சுருள்களை வெள்ளியின் மதிப்புக்கு விற்றார்கள். அல்மா டெய்லரும் கிறிஸ்ஸி ஒயிட்டும் நடித்த எத்தனையோ படங்கள் இவ்வாறு அழிந்தன. நம் நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப் படமான 'கீசக வதம்' கிடைக்காமல் போனதை எண்ணும்போது எழும் அதே வலி இங்கும் எழுகிறது.

பிழைத்தவை, பெரும்பாலும் அவர் கையைவிட்டு வெளியே போய்விட்ட பிரதிகள். 'ஆலிஸ்' படத்தின் சிதைந்த பிரதி ஒன்று 2010-இல் சீரமைக்கப்பட்டது. தொலைந்ததாகக் கருதப்பட்ட 'ஹெலன் ஆஃப் ஃபோர் கேட்ஸ்' என்ற 1920-ஆம் ஆண்டுப் படம், கனடாவின் மொன்றியல் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. ஹெப்வொர்த் பிற்காலத்தில் பிறர் படங்களுக்கு முன்னோட்டங்கள் தயாரித்துப் பிழைத்தார். பிரிட்டிஷ் திரைப்பட வரலாற்றை எழுதுவிக்க அமைந்த குழுவுக்கும் தலைமை ஏற்றார். தம் படங்களை இழந்தவர், எல்லோருடைய படங்களின் வரலாற்றுக்காகவும் உழைத்தார். 1953-இல் காலமானார்.

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய படச்சுருள்கள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
– தேயிலை விவசாயி, கூடலூர்

பதில்: உங்கள் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் படச்சுருளில் பூஞ்சை பிடிக்காமல் இராது. புளித்த காடி வாசனை வந்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அகலம் 35 மில்லிமீட்டராக இருந்து, 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையதானால், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாக இருக்கக்கூடும். அடுப்பருகே வைக்கவோ படக்கருவியில் ஓட்டிப் பார்க்கவோ வேண்டாம். உலர்ந்த, குளிர்ந்த அறையில் தனியே வைத்துவிட்டு, புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பழைய பொருள் வாங்க வருபவர் நல்ல விலை சொன்னாலும், காப்பகத்திலிருந்து பதில் வரும்வரை கொடுத்துவிடாதீர்கள்.