ஒன்றரை மணி நேரமா, ஒன்று புள்ளி முப்பதா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் ஒரு கடன் சங்கத்தின் தலைமை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஐந்து கிளைகள், 34 ஊழியர்கள். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று தெரிந்துகொள்ள, இரண்டு வாரம் எல்லாரையும் தினமும் தாளில் எழுதச் சொன்னோம். அதையெல்லாம் எக்செல்லில் ஏற்றிவிட்டேன். கூட்டினால் ஒரே நாளுக்கு ஒருவருக்கு ஐந்து மணி நேரம் வருகிறது, இன்னொருவருக்குப் பதினொன்று. மாதக் கடைசியில் நிர்வாகக் குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். எதைத் திருத்துவது, எதை விடுவது?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: முதலில், ஏற்றியதை அப்படியே ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அதில் இனி கை வைக்கவே கூடாது. திருத்தமெல்லாம் இன்னொரு பிரதியில்தான். பழைய மதிப்புக்குப் பக்கத்திலேயே புது மதிப்பு, ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி.

அந்த ஐந்து மணி நேரக்காரரின் தாளை எடுத்துப் பாருங்கள். 1.30 என்று எழுதியிருக்கிறாரா? அவர் நினைத்தது ஒன்றரை மணி நேரம். எக்செல் அதை ஒன்று புள்ளி மூன்று என்றுதான் எடுத்துக்கொள்ளும். இப்படிப் பத்து வரி இருந்தால் 15 மணி நேரம் 13 ஆகிவிடும். அவர் உழைத்த இரண்டு மணி நேரம் காணாமல் போகும். அதனால் எல்லாவற்றையும் நிமிடமாக மாற்றி, 90 என்றே எழுதுங்கள். மதியம் 2.30 என்பது அதிகாலை 2.30 ஆகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பதினொரு மணி நேரம் பெரும்பாலும் பொய்யாக இருக்காது. நகையை எடை போட்டுக்கொண்டே போனில் வட்டிக் கணக்கு சொல்லியிருப்பார், இரண்டையும் முழு நேரமாக எழுதியிருப்பார். மத்திய அரசு 2019-இலும் 2024-இலும் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. முந்தின நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரை மணி அரை மணியாகக் கேட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேலை என்றால் எது முக்கியமானது என்றும் குறித்துக்கொண்டார்கள். நீங்களும் அவரிடமே கேட்டு, முக்கிய வேலைக்கு நேரத்தைக் கொடுங்கள், மற்றதைப் பக்கத்துக் கட்டத்தில் குறித்து வையுங்கள். அழித்துவிடாதீர்கள். ஒரே ஆள் இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறார் என்பதற்கு உங்களிடம் இருக்கும் சான்றே அதுதான்.

அப்புறம் சொற்கள். ஒருவர் ‘நகை பார்த்தது’ என்பார், ஒருவர் ‘ஜூவல் லோன்’ என்பார், இன்னொருவர் ‘அடகு’ என்பார். இவற்றை ஒரே தலைப்பில் சேர்க்கலாம். ஆனால் வெறுமனே ‘பேங்க்’ என்று எழுதியிருந்தால்? பணம் கட்டப் போனதா, அங்கே வரிசையில் நின்றதா, பஸ்ஸுக்குக் காத்திருந்ததா? தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஊகிக்க முடியாது. கிளைக்குப் போன் போடுங்கள், இந்த வாரமே. நாள் போனால் அவர்களுக்கே மறந்துவிடும்.

‘மற்றவை’ என்ற தலைப்பை மட்டும் பெருக விடாதீர்கள். பல வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு இதே வேலையைச் செய்தேன். நர்ஸ்கள் மருந்து வாங்கிவர மாடி இறங்கி ஏறியது, லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தது, எல்லாவற்றையும் சோம்பலில் ‘மற்றவை’யில் போட்டேன். நிர்வாகம் அதை ‘சும்மா இருந்த நேரம்’ என்று படித்தது. அடுத்த மாதம் ஒரு ஷிப்ட்டில் ஓர் ஆளைக் குறைத்தார்கள். இன்னும் உறுத்துகிறது. காத்திருந்ததற்கும் நடந்ததற்கும் சர்வர் நின்றதற்கும் தனித்தனித் தலைப்பு போடுங்கள்.

வெற்றுக் கட்டத்தில் பூஜ்யம் போடாதீர்கள். எழுத மறந்தது வேறு, செய்யாதது வேறு, லீவு வேறு.

அந்த இரண்டு வாரம் எப்போது வந்தது? நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் உள்ளே விழுந்திருந்தால் உள்ளூர் விடுமுறையும் அதற்கு முந்தின நாள் கூட்டமும் கணக்கைக் குலைத்திருக்கும். பிசானப் பருவ நெல் நடவு நேரம் என்றால் நகையோடு வருகிற விவசாயிகள் கூட்டம் தனி. அதைச் சாதாரண வாரம் என்று காட்டக் கூடாது. தேதியோடு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பெயர்களுக்குப் பதில் எண் போடுவீர்கள், சரி. ஆனால் ஒரு கிளைக்கு ஒரே ஒரு நகை மதிப்பீட்டாளர் என்றால் எண் எதையும் மறைக்காது. ஐந்து கிளை மதிப்பீட்டாளர்களையும் ஒன்றாகக் கூட்டியே காட்டுங்கள். குழுவுக்குக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கை மட்டும் அச்செடுத்து அனுப்பி, ‘இது உங்கள் நாள்தானா?’ என்று கேளுங்கள். இல்லை என்று சொல்பவர்களின் தாளை மறுபடி எடுத்துப் பார்க்க அந்த இரண்டு நாள் வேண்டியிருக்கும்.