நூலக உதவியாளராக இருக்கும் மகளுக்கு அடுத்த படி எது?

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் பி.காம். முடித்து, நூலக அறிவியலில் சான்றிதழ் படிப்பும் படித்துவிட்டு, தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் உதவியாளராக இருக்கிறார். சம்பளம் கட்டுப்படியாகவில்லை. வேலையை விடச் சொல்லி பி.எட். சேர்க்கலாமா, இல்லை யாரோ சொன்ன 'சர்வதேச நூலகர் சான்றிதழ்' ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவர் ஏற்கெனவே சரியான துறையில்தான் நிற்கிறார். கையில் இருக்க வேண்டிய பட்டம் மட்டும்தான் இன்னும் வரவில்லை.

முதலில் அந்த ஆன்லைன் கோர்ஸ். வக்கீலுக்கு பார் கவுன்சில், டாக்டருக்கு மருத்துவ ஆணையம் என்று இருப்பதுபோல நூலகருக்கு உரிமம் வழங்கும் அமைப்பு எதுவும் நம் நாட்டில் கிடையாது. வேலைக்கு எடுப்பவர்கள் பார்ப்பது இரண்டைத்தான்: பல்கலைக்கழகப் பட்டம், தகுதித் தேர்வு. தனியார் தரும் சான்றிதழுக்கு, அதில் எந்த நாட்டின் பெயர் போட்டிருந்தாலும், அரசுப் பணி விளம்பரத்திலோ கல்லூரி நேர்காணலிலோ தனி மதிப்பு இல்லை. அரைநாள் வெபினாருக்குத் தரும் இ-சான்றிதழ்களும் அப்படித்தான். கேட்டால் நல்லது, ஆனால் அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

இப்போது அவரிடம் உள்ள சான்றிதழ் படிப்பும் வீணில்லை. பொது நூலகத் துறையின் ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை நூலகர் பணிகளுக்கு அதுதான் அடிப்படை. ஆனால் அந்த அறிவிப்புகள் எப்போதாவதுதான் வரும். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பட்டதாரி என்பதால் அவர் நேராக பி.எல்.ஐ.எஸ்சி. என்ற நூலக அறிவியல் இளநிலைப் பட்டப் படிப்பில் சேரலாம், ஓராண்டு. அதன்மேல் எம்.எல்.ஐ.எஸ்சி. என்ற முதுகலைப் பட்டம் இன்னும் ஓராண்டு. இரண்டையும் தொலைநிலையில் படிக்கலாம், இக்னோ எனும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இரண்டுமே உண்டு. வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை. வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வதானால், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் இருந்தால் போதாது, படிப்புக்கும் தனியாக அனுமதி வேண்டும். சென்டர்காரர் வாய்வார்த்தையை நம்பிச் சேர்ந்துவிட்டு, பிறகு பட்டம் செல்லாது என்று தெரிந்து தவிப்பதைவிட அரை மணி நேரம் தேடிப் பார்ப்பது மேல்.

எம்.எல்.ஐ.எஸ்சி. முடிந்ததும் நெட், அதாவது தேசியத் தகுதித் தேர்வு. கல்லூரி நூலகர், பல்கலைக்கழக உதவி நூலகர் பணிகளுக்கு யுஜிசி விதிப்படி முதுகலையில் 55 விழுக்காடும், நெட் அல்லது செட் (மாநில அளவிலான தகுதித் தேர்வு) தேர்ச்சியும் கேட்பார்கள். அதனால் எம்.எல்.ஐ.எஸ்சி.யை 'பாஸானால் போதும்' என்று படிக்கக் கூடாது. ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் 55ஐத் தவறவிட்டு நிற்பவர்களின் வேதனை பெரிது. நெட்டில் நூலக அறிவியலின் பாட எண் 59. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, எல்லாம் ஒரே அமர்வில், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், எனவே பாடத்தை ஆங்கிலத்திலும் ஒருமுறை படித்துப் பழகட்டும். முதல் தாள் எல்லாப் பாடக்காரர்களுக்கும் பொது. வகுப்பறை, ஆராய்ச்சி முறை, தர்க்கம், கணக்கு என்று கலந்து வரும். பி.காம். படித்தவருக்குக் கணக்குப் பகுதி கைகொடுக்கும். நூலகர் பணிக்கும் செல்லும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட்டில் வயது வரம்பு கிடையாது. 26 வயதாகிவிட்டதே என்று நீங்கள் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், இதில் அந்தக் கவலை வேண்டாம்.

சரி, இதனால் என்ன கிடைக்கும்? ஏழாவது ஊதியக் குழுப்படி யுஜிசி ஊதியத்தில் கல்லூரி நூலகரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், உதவிப் பேராசிரியருக்கு இணை. இது அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்களின் முறையான பணியிடங்களுக்கு. சுயநிதிக் கல்லூரிகளில் பல இடங்களில் இதற்கு வெகு கீழேதான் தருகிறார்கள், அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை. முறையான பணியிடங்களும் குறைவு, போட்டி உண்டு. அதனால்தான் ஒரே கதவைத் தட்டாமல் டிஎன்பிஎஸ்சி பக்கமும் ஒரு கண் வைக்கச் சொல்கிறேன். 2023இல் நூலகப் பணிகளுக்கென்றே ஒருங்கிணைந்த தேர்வு நடந்தது. மாவட்ட நூலக அலுவலர், அண்ணா நூற்றாண்டு நூலகப் பணிகள் எல்லாம் அதில் வந்தன. ஆண்டுத் திட்ட அட்டவணை வரும்போதெல்லாம் பார்க்கட்டும். அந்தத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். உங்கள் மகளுக்கு அந்த வரிசை சரியாகவே இருக்கிறது.

பட்டத்தோடு ஒரு கைத்திறனும் வேண்டும். என்னைக் கேட்டால் 'கோஹா'. நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக உருவாகி 2000இல் வெளிவந்த நூலக மென்பொருள், இலவசம். உபுண்டு போட்ட சாதாரண கணினியிலேயே நிறுவிப் பழகலாம். பழகுவது என்றால் பட்டனை அமுக்குவது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தமிழ் நாவலை அதில் ஏற்றுவதைச் சொல்கிறேன். ஆசிரியர் பெயர் எஸ். முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 'எஸ். முருகன்' என்று ஏற்றுவார், அடுத்தவர் 'முருகன், எஸ்.' என்பார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் தட்டுவார். தேடும் மாணவருக்கு அந்த ஆசிரியரின் ஆறு புத்தகத்தில் இரண்டுதான் அகப்படும், மீதி அலமாரியில் இருந்தும் இல்லாததுதான். பெயர் 100 என்ற புலத்தில் (விவரம் பதியும் கட்டம்), தலைப்பு 245இல், புத்தகத்தைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி வகைப்பாட்டு எண் 082இல், தமிழ்ப் புனைகதைக்கு 894.8113 என்று ஒரே ஒழுங்கில் ஆயிரம் புத்தகம் ஏற்றிய கை இருந்தால், நேர்காணலில் அது தானாகத் தெரிந்துவிடும். 'நூலகக் கணினிமயமாக்கல் அறிவு' என்று யுஜிசி தகுதியிலேயே எழுதியிருக்கிறது.

இதனால்தான் வேலையை விட வேண்டாம் என்கிறேன். இப்போது அவர் கவுண்டரில் புத்தகம் கொடுத்து வாங்குவதோடு நின்றிருந்தால், நூலகரிடம் போய், "சார், புதுசா வர்ற புத்தகங்களை நானும் ஏத்திப் பழகுறேன்" என்று கேட்கட்டும். கல்லூரிக்கு நாக் எனும் தரமதிப்பீடு நடக்கும் ஆண்டில் எந்த நூலகத்திலும் ஆள் போதாது, மறுக்க மாட்டார்கள். அப்புறம், பணி அனுபவச் சான்று. சேர்ந்த தேதி, பதவிப் பெயர், என்ன வேலை பார்த்தார், எந்த மென்பொருளில் பார்த்தார் என்று எழுதி, கல்லூரி முத்திரையோடு இப்போதே ஒன்று வாங்கி வைக்கட்டும். வெளியேறும்போது கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு படிப்பது குறைச்சல் என்று உறவினர்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான பிறகுதான் லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்றார். அவர் முன்னின்று 1928இல் உருவாக்கிய சென்னை நூலகச் சங்கம், மறு ஆண்டே பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அந்த மாதிரிச் சங்கங்களில் உங்கள் மகள் உறுப்பினராகட்டும். காலியிடத் தகவல் விளம்பரத்துக்கு முன்பே காதில் விழும், கூட்டங்களில் நாலு மூத்த நூலகர்கள் பழக்கமாவார்கள். எம்.எல்.ஐ.எஸ்சி. முடித்தவர்களை ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களின் நூலகங்கள் உதவித்தொகையோடு பயிற்சியாளராக எடுப்பதுண்டு. சம்பளம் குறைந்தாலும் அப்படி ஒரு வாய்ப்பு வந்தால், அப்போது மட்டும் இந்த வேலையை விடலாம்.

பி.எட். பற்றி ஒரு வார்த்தை. அவர் வகுப்பில் நிற்க ஆசைப்படுகிறார் என்றால் தாராளமாகப் படிக்கட்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஆசை உங்களுடையது போலத் தெரிகிறது. இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு நேராகக் கேட்டுவிடுங்கள். தொலைநிலைப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு சேர்க்கைதான். நூலகம்தான் என்று அவர் சொன்னால், அந்த ஆன்லைன் கோர்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தை பி.எல்.ஐ.எஸ்சி.க்குக் கட்டுங்கள். பி.காம். மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் படிப்பின் சான்று, சாதிச் சான்று மூன்றையும் ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.