வீட்டு உபயோகத்துக்கு விலை குறைந்த டிஜிட்டல் மல்டிமீட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

பிளக் பாயின்டில் மின்சாரம் வருகிறதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா, ஒயர் எங்கே அறுந்திருக்கிறது: வீட்டில் மல்டிமீட்டருக்கு வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். அதற்கு மலிவான மீட்டரின் துல்லியமே தாராளம். பாதுகாப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ‘கேட் 3, 600 வோல்ட்’ (CAT III 600V) என்ற பாதுகாப்புத் தரக் குறிப்பு மீட்டரிலும், தொட்டு அளக்கும் முனையுள்ள புரோப் ஒயரிலும் இருக்கட்டும். மின்னோட்டத்தை அளக்க ஒயரைச் செருகும் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது என்று அச்சிட்டிருந்தால் வாங்காதீர்கள். சிவப்பு ஒயரை அந்தத் துளையில் மறந்து விட்டுவிட்டு, புரோப்களை பிளக் பாயின்டில் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்தான்; அப்போது காப்பாற்றுவது அந்த ஃபியூஸ். ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டி நிலையில், புரோப் முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்ததும் பீப் ஒலி தாமதமின்றி வரவேண்டும். அளவு வரம்பை மீட்டரே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ரேஞ்ச் ஒரு வசதி, அவ்வளவே. ஏசி மின்சாரத்தின் அலை வடிவம் எப்படியிருந்தாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ்? சுத்தமான சைன் அலை தராத இன்வெர்ட்டரை அளக்கப் போகிறவர்கள் மட்டும் தேடினால் போதும்.