சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனியாக இருக்கும் பெரியவர்கள்: கேள்வி பதில்

ஈரோடு மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாத்திரை அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அது டாக்டர் வேலை.

காங்கேயம் பக்கம் சாளையில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 76. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ஒரு மாடு வைத்திருக்கிறார். நான் பெங்களூரில் இருக்கிறேன். வீட்டுக்கே என்ன உதவி வருமுங்க அக்கா?

மாத்திரை வரும் தம்பி. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர் வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பார். படுக்கையில் விழுந்தவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை பெயரைப் பதிந்துவிடுங்கள். பதியும்போது கதவு எண்ணைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. "கோயிலைத் தாண்டி ரெண்டாவது இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை), கிளுவை வேலி முடியற இடம்" என்று சொல்லி, பக்கத்துத் தோட்டத்தார் நம்பரையும் கொடுங்கள். ராத்திரியில் 108 வண்டி இட்டேரி தெரியாமல் சுற்றியதை நானே பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியம், பாத்ரூம் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். நான் வேலையில் இருந்தபோது ஓர் அமுச்சி (பாட்டி) உள்ளே வழுக்கி விழுந்துவிட்டார். காலையில் பால் வரவில்லையே என்று தேடி வந்தவர் பால் சொசைட்டிக்காரர்தான். திண்ணையில் பால் போசி (பாத்திரம்) கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. கதவை உடைத்துத் தூக்கினோம். மகன் போன் பண்ணியது மத்தியானம்.

ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க அப்பாவைக் காரில் தூக்கிப் போக வேண்டுமா? (கோபி)

வேண்டாம். தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுப்பார், கட்டணம் 70 ரூபாய். கை ரேகை தேய்ந்திருந்தால் முகத்தை வைத்தும் பதியலாம்.

அந்த அமுச்சி கதையைப் படித்தேன். மாட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் பிளாட்டுக்குக் கூட்டி வருவதுதானே புத்தி? (அவிநாசி)

அந்த அமுச்சியைக் கண்டுபிடித்ததே மாடுதான் சாமி! தினமும் ரெண்டு வேளை ஒருத்தர் அவரை எதிர்பார்த்தார். எட்டாவது மாடியில் யார் எதிர்பார்ப்பார்கள்? லிப்டில் இறங்கி யாரிடம் பேசுவார்?

மாடு முட்டி இடுப்பு உடைந்தால்? பல்லடம் பக்கம் 2024லும் சிவகிரி பக்கம் 2025லும் தோட்டத்து வீட்டுக்குள் புகுந்து கொன்றார்களே, அதற்கு உங்கள் சொசைட்டிக்காரர் என்ன செய்வார்? (மறுபடி அவிநாசி)

சரி, இது நியாயமான பயம். அந்தச் செய்திகளுக்கு அப்புறம் எனக்கே ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. நகையை பேங்க் லாக்கரில் வையுங்கள், ராத்திரி துணைக்கு ஓர் ஆளைப் படுக்கச் சொல்லுங்கள், போலீஸ் ஸ்டேஷனில் தனியாக இருப்பதைச் சொல்லி வையுங்கள். அதற்கும் மனசு கேட்காவிட்டால் கூட்டிப் போங்கள், ஆனால் அவரைக் கேட்டுவிட்டு. முட்டுகிற மாட்டை விற்றுவிடலாம். பால் கறக்க ஆள் வைத்தாலும் போசி மட்டும் அவர் கையால் போகட்டும். ஆனால் பயந்துகொண்டு அம்மாவையே சாளையை விட்டுக் காலி பண்ணினால் எப்படி?

மாட்டை வைத்துக்கொள் என்று சொல்ல உங்களுக்கு எளிது. பிண்ணாக்கு விலை தெரியுமா? (தாராபுரம்)

தெரியும். என் வீட்டிலும் ரெண்டு நிற்கிறது.

வீட்டுக்கு வந்து மாத்திரை தருவார்களா? (பொள்ளாச்சி)

முதல் பதிலைப் படியுங்கள்.

மாத்திரை வீட்டுக்கே வருமா? (பெருந்துறை)

மேலே பாருங்கள் கண்ணு. பாத்ரூம் தாழ்ப்பாளையும் சேர்த்தே படியுங்கள்.

அண்ணன் அப்பாவிடம் நிலத்தை எழுதி வாங்கிவிட்டுச் சோறு போடுவதில்லை. (பவானி)

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரம் என்றால் ரத்து கேட்கவும் வழி உண்டு. பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள், எனக்கு அவ்வளவுதான் தெரியும். முதல் யோசனை கேட்க 14567, முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை.

அக்கா, தாழ்ப்பாளைக் கழற்றினால் அப்புச்சி (தாத்தா) கூச்சப்படுகிறார். (காங்கேயம்)

வாசலில் ஒரு துண்டைத் தொங்கவிடச் சொல்லுங்கள். துண்டு தொங்கினால் ஆள் உள்ளே. எங்கள் வீட்டில் அப்படித்தான்.