வலியில்லை என்று சொல்லும் அப்பா

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. என் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோதெரபியை உடம்பு தாங்காது, நோயைக் குணப்படுத்த முயலாமல் வலியைத் தணித்துக் கடைசிவரை கவனித்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் குழுவைப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அண்ணன் இதை ஏற்க மறுக்கிறான். "அப்பாவைச் சாகவிடச் சொல்கிறாயா?" என்று என்னிடம் கத்தினான். அப்பா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்கிறான். வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் அதுவே ஆளை முடித்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று அப்பாவிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். ஆனால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது கட்டிலின் விளிம்பை எப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்று நான் பார்க்கிறேன். ஹாஸ்பிஸுக்குச் சம்மதித்தால் அவரைக் கைவிட்டவர்கள் ஆகிவிடுவோமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் அண்ணன் கத்துகிறார், அம்மா அஞ்சுகிறார், நீங்கள் உங்களையே கூண்டில் ஏற்றிக்கொள்கிறீர்கள். நோயாளி ஒருவர்தான் ஒன்றுமில்லை என்கிறார். படிக்கும்போது எனக்கு முதலில் உறைத்தது இதுதான். வலிக்கிறது என்றால் மகள் அழுவாள், சாப்பாடு வேண்டாம் என்றால் மகன் கோபப்படுவான், எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொண்டால் மனைவி உடைந்துபோவாள். ஆகவே அவர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்கிறார். எழுந்து உட்காரச் சிரமப்படும் ஒருவர், அந்த வீட்டில் மற்ற மூவரையும் தேற்றிக்கொண்டிருக்கிறார்.

கைவிட்டவர்கள் ஆவோமா என்று கேட்கிறீர்கள். ஆகமாட்டீர்கள். உங்கள் மூவரையும் தாங்கிக்கொள்ள வேறு ஆட்கள் வருவார்கள். அப்பா அந்த வேலையிலிருந்து ஓய்வு பெறுவார். ஹாஸ்பிஸ் செய்வதில் பாதி இதுதான் என்பேன். மீதிப் பாதி மருத்துவம். அதுவும் சாதாரண மருத்துவம் இல்லை. நான் மருத்துவன் அல்லன். மருந்தின் அளவையெல்லாம் அந்தக் குழுவிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் என்னென்ன கேட்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.

இன்றைய ஹாஸ்பிஸ் முறையைத் தொடங்கிவைத்த இங்கிலாந்துப் பெண்மணி சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர். பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர். அதற்கும் பிறகு, சாகக் கிடப்பவர்களின் வலியைப் பற்றி மருத்துவர்கள் காது கொடுக்க வேண்டுமானால் தானும் மருத்துவராவதே வழி என்று படித்து, 1957இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். சமூகப் பணியாளராக இருந்தபோது டேவிட் தாஸ்மா என்ற போலந்து யூத அகதியைச் சந்தித்தார். குடும்பம் இல்லை, ஊர் இல்லை, குணமாகாத புற்றுநோய். 1948இல் அவர் இறந்தார். அவருக்கு எது வலித்தது என்று சாண்டர்ஸ் யோசித்தார். கட்டியா, தனிமையா, வாழ்ந்ததற்கு ஒரு தடயமும் இல்லாமல் போகிறோமே என்ற எண்ணமா? உடல், மனம், உறவு, வாழ்வின் பொருள் என்று எல்லாம் சேர்ந்ததே வலி என்று பின்னாளில் அவர் எழுதியதற்கு இத்தகைய நோயாளிகளின் பேச்சுகளே அடித்தளம். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். அங்கே நோயாளியையும் குடும்பத்தையும் சேர்த்தே கவனித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் வீடுகளுக்கே சென்று கவனிக்கவும் தொடங்கிவிட்டார்கள். எனவே ஹாஸ்பிஸ் என்றால் ஒரு கட்டடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நினைக்க வேண்டியதில்லை. அப்பா தன் அறையிலேயே, தன் கட்டிலிலேயே இருக்கலாம். குழு வந்துபோகும்.

என் நண்பர் ஒருவரின் கடைசி வாரங்களில் அப்படி வந்த ஒரு செவிலியரைக் கவனித்திருக்கிறேன். நண்பரைக் குளிப்பாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே வலி மருந்தைக் கொடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். உடம்பைத் தொட அவசரப்படவே இல்லை. பிறகு சிறிய பஞ்சுக் குச்சியை நனைத்து ஈறு, நாக்கு, உதடு என்று வாயைத் துடைத்தார். எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க விருப்பம் என்று நண்பரிடமே கேட்டார். எல்லாம் முடிந்தபின் நண்பரின் மனைவியிடம், "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்று கேட்டு, வந்த பதிலை நண்பரின் சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதினார். நோயாளியின் குறிப்பேட்டில் மனைவியின் தூக்கம்! நான் விளக்க நினைப்பதை அவர் ஒரே வரியில் எழுதிவிட்டார்.

இனி அம்மாவின் பயம். மார்ஃபினைப் பற்றிய இந்த அச்சம் படித்தவர்களிடமும் உண்டு, சில மருத்துவர்களிடமும் உண்டு. குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்து உயர்த்தும்போது அது உயிரைக் குறைப்பதில்லை. சாகும் தறுவாயில் கொடுக்கப்படுவதாலேயே சாவுக்குக் காரணம் என்ற பழி அதன்மேல் விழுகிறது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் தள்ளும். பல வாரங்களாக வலியில் தூங்காமல் கிடந்தவர் தூங்கித் தீர்ப்பதும் அதில் சேர்த்தி. குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முக்கியமானது வேளை. வலி வந்தபின் கொடுப்பது என்றால் நோயாளி ஒவ்வொரு முறையும் துன்பப்பட்டு, பிறகு கேட்டு, பிறகு காத்திருக்க வேண்டும். உங்கள் அப்பா கேட்கவே மாட்டார். நேரம் தவறாமல் கொடுத்து, இடையில் வலி எகிறினால் கொடுக்கக் கூடுதல் வேளை ஒன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

கணைய நோயின் வலி முதுகுக்கு ஊடுருவும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். அப்பா தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார முயல்கிறாரா என்று பாருங்கள். அது சோர்வாக இருக்காது, வலியாக இருக்கும். வயிற்றின் பின்புறமுள்ள நரம்புப் பின்னலில் ஊசி போட்டு இந்த வலியைத் தணிக்கும் முறையும் உண்டு. எல்லாருக்கும் பொருந்தாது, ஆனால் கேட்டுப்பாருங்கள். "வலிக்கிறதா?" என்ற கேள்வியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அதற்கு அவர் பதில் தயாராக வைத்திருக்கிறார். "இன்றைக்கு உங்களை எது அதிகமாகப் படுத்துகிறது?" என்று கேளுங்கள். கட்டில் விளிம்பைப் பிடிக்கும் அந்தப் பிடியை நீங்கள் பார்த்ததை மறக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். எந்த ஸ்கேனிலும் தெரியாத தகவல் அது.

சாப்பாட்டுச் சண்டைக்கு வருகிறேன். எல்லாக் குடும்பங்களிலும் சண்டை இங்கேதான் வெடிக்கிறது. அப்பா சாப்பிடாததால் மெலிந்து போகிறார் என்று அண்ணன் நினைக்கிறார். பெரும்பாலும் நோய்தான் பசியையும் கொல்கிறது, தசையையும் கரைக்கிறது. உள்ளே போகும் உணவை உடம்பால் பயன்படுத்திக்கொள்ள முடிவதில்லை. முற்றிய புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் குழாய் வழியாக ஊட்டுவதால் ஆயுள் நீளும் என்பதற்குச் சான்று இல்லை. நுரையீரலுக்குள் போய்த் தொற்றாகலாம், வயிறு உப்பலாம். பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டிவைத்த கதைகளும் உண்டு. தொண்டை அடைபட்ட, ஆனால் இன்னும் காலம் இருக்கிற நோயாளிக்குக் குழாய் பெரிய உதவி; அது வேறு கணக்கு. டிரிப்ஸும் இப்படித்தான். சாகும் உடம்பில் ஏற்றும் நீர் காலில் வீக்கமாகவும் மார்பில் சளியாகவும் தேங்கிவிடக்கூடும். அதேசமயம், கணையம் சுரக்கும் செரிமான நொதி குறைந்ததால் சாப்பிட்டது செரிக்காமல் அவதிப்படுகிறாரா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். அதற்கு மாத்திரை இருக்கிறது. மற்றபடி அவர் கேட்பது, கேட்கும்போது, கேட்கும் அளவு. இரண்டு வாய் போதும் என்றால் இரண்டு வாய் போதும். மூன்றாவது வாயை அவர் உங்களுக்காகச் சாப்பிடுகிறார்.

அண்ணன்மீது எனக்குக் கோபமில்லை. மருத்துவர்கள் சிலர் 1991இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இவருக்கு ஒரு பட்டப்பெயரே நிலைத்துவிட்டது: கலிபோர்னியாவிலிருந்து வரும் மகள். தூரத்தில் இருந்த பிள்ளை கடைசி வாரத்தில் விமானத்தில் வந்து இறங்கி, எல்லாச் சிகிச்சையையும் கொடு என்று மருத்துவரை உலுக்குவது. கலிபோர்னியாவில் அதே மகள் நியூயார்க்கிலிருந்து வருவதாகச் சொல்வார்களாம். நகைச்சுவை இருக்கட்டும், நீங்கள் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்த சரிவை அவர் ஒரே பார்வையில் பார்த்திருக்கிறார். அருகில் இல்லாத ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்து இப்போது ஏதாவது செய்துவிடத் துடிக்கிறார். அவரோடு வாதாடாதீர்கள், வேலை கொடுங்கள். குழுவுடனான அடுத்த சந்திப்பில் அவரே கேள்வி கேட்கட்டும். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்ளட்டும். படுக்கைப்புண் வராமல் காப்பதும் அப்பாவுக்காகப் போராடுவதுதான்.

அவருக்கு ஆதாரம் வேண்டுமென்றால் ஒன்று சொல்லலாம். 2010இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வு வெளியானது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர். வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே வலியையும் அவதியையும் குறைக்கும் தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களில் மனச்சோர்வு குறைவாக இருந்தது; கடைசி நேரத் தீவிரச் சிகிச்சைகளும் குறைவு. ஆனாலும் அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. வேறு நோய், வேறு கட்டம். உங்கள் அப்பாவுக்கு இதே கணக்கு என்று நான் சொல்லவில்லை. ஆறுதலைத் தேர்ந்தால் ஆயுளை விலையாகக் கொடுக்க வேண்டும் என்ற அண்ணனின் கணக்கு சரியில்லை என்று காட்ட இது போதும்.

அப்பாவிடம் சொல்வதா? என் கணிப்பு, அவருக்குத் தெரியும். தன் உடம்பு தனக்குச் சொல்லாமல் இருக்குமா? நீங்கள் மறைக்கிறீர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் அவரும் மறைக்கிறார். உட்காரவைத்து அறிக்கை வாசிப்பதுபோல எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். "மருத்துவர் சொன்னதைப் பற்றிப் பேச வேண்டுமா அப்பா, இல்லை நாங்களே பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அதுவும் அவர் உரிமை. "எனக்குச் சரியாகிவிடுமா?" என்று எப்போதாவது கேட்டால், உடனே ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சற்றுப் பேசாமல் இருங்கள். பலர் அந்த இடைவெளியில்தான் பேசத் தொடங்குகிறார்கள்: யாருக்குத் தர வேண்டிய கடன், யாரைப் பார்க்க வேண்டும், எங்கே இறக்க விருப்பம், மூச்சு நின்றால் இயந்திரம் வேண்டுமா வேண்டாமா. இவற்றுக்கு விடையை அவர் வாயால் கேட்டுவிட்டால், உங்களுக்கும் அண்ணனுக்கும் இடையே வாதமிட ஒன்றும் மிஞ்சாது.

கடைசி நாட்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் குடும்பங்கள் பதறிப்போய் ஐ.சி.யூ.வுக்கு ஓடுகின்றன. அதனால் சொல்கிறேன். தூக்கம் நாளின் பெரும்பகுதியாகும். சிறுநீர் குறையும், கைகால் சில்லிடும், முழங்கால் தோல் திட்டுத் திட்டாக நீலம் பாரிக்கும். மூச்சு வேகமாகி, மெதுவாகி, சில நொடிகள் நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம். கேட்பவர்களைத்தான் அது வதைக்கிறது, பெரும்பாலும் அவருக்கு அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே குறையும், மருந்தும் உண்டு. திடீரென்று அமைதியிழந்து உடையைப் பிடித்து இழுத்தால் மரண அவஸ்தை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும் ஹாஸ்பிஸ் நோயாளிகள் சிலரின் மூளை, மரணத்துக்குச் சில மணி நேரம் முன்புகூட ஒலிக்கு எதிர்வினை காட்டியதை 2020இல் கனடாவில் செய்த ஓர் ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. ஆகையால் குழாயைப் பற்றிய விவாதம் இன்னும் தீரவில்லை என்றால் தயவுசெய்து அடுத்த அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் முடிந்தபின் வீடு காலியாகும்போது அதிகம் தடுமாறப்போகிறவர் அவர். நல்ல ஹாஸ்பிஸ் குழு அதற்குப் பிறகும் பல மாதங்கள் குடும்பத்தோடு தொடர்பில் இருக்கும். உங்கள் குழு இருக்குமா என்று இப்போதே கேளுங்கள். கூடவே இன்னொன்றும். "நள்ளிரவில் வலி எகிறினாலோ மூச்சு நின்றாலோ ஆம்புலன்ஸை அழைப்பதா, உங்களை அழைப்பதா? எங்கள் அழைப்பை எடுக்கப்போகிறவர் யார்?" அவர் பெயரையும் எண்ணையும் வாங்கி, அம்மாவின் கண்ணில் படும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்.