அத்தோ கடைக்கு வைஃபை: 8,000 ரூபாய் எதற்கு?

வண்ணாரப்பேட்டையில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை வைத்திருப்பவர் கேட்கிறார்: வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுக்கணும், பில்லிங் மெஷினும் கேமராவும் அதே ரவுட்டரில்தான் ஓடுகின்றன, ஆபத்தா? லைன் போட்ட ஆள் ‘ஹாட்ஸ்பாட் லைசென்ஸ்’ என்று 8,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் கடைக்காரருக்கு லைசென்ஸ், பதிவு, கட்டணம் எதுவுமே கிடையாது. பதிவு பெற்ற பிடிஓஏ (இப்படிப்பட்ட கடைகளின் வைஃபையை ஒருங்கிணைக்கும்) நிறுவனம் ஒன்றோடு சேர்ந்தால் போதும், வருகிறவர் யார் என்று சரிபார்ப்பது, கணக்கு வைப்பது எல்லாம் அவர்கள் தலைவலி. அதில் சேராமல் சும்மா பாஸ்வேர்டைக் கொடுத்து எவனாவது வில்லங்கம் செய்தால், போலீஸ் முதலில் தேடி வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். இதையெல்லாம் தெருவுக்கு வந்து சொல்ல ஒரு அதிகாரியும் இல்லை, ஏஜென்ட் மட்டும் வந்துவிடுகிறார்.

சரி, ரவுட்டர். அதன் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) போனில் அடித்து உள்ளே போய், அட்மின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள்; லைன் போடுகிற பையன்கள் தெரு முழுக்க ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போவதை எத்தனையோ கடைகளில் பார்த்துவிட்டேன். அப்புறம் கெஸ்ட் நெட்வொர்க்கை (வருகிறவர்களுக்கான தனி வைஃபை) ஆன் செய்து, பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது 3 வைத்து பாஸ்வேர்டு போடுங்கள், டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு அடிக்காமலே பட்டனிலோ பின் நம்பரிலோ இணைக்கும் வசதி) அணையுங்கள். பில்லிங்கும் கேமராவும் பழைய நெட்வொர்க்கிலேயே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கவனம். கம்பெனி கொடுத்த மோடம் பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரவுட்டர் இன்னொன்று என்று இரண்டு இருந்தால், இரண்டாவது பெட்டியில் போட்ட கெஸ்ட் பல நேரம் பெயருக்குத்தான் தனி. அது ஆக்சஸ் பாயின்ட் மோடில் (முதல் பெட்டியின் நெட்வொர்க்கையே வைஃபையாக நீட்டுவது) ஓடினால் பல மாடல்களில் நடுவே சுவரே இருக்காது. ரவுட்டர் மோடில் (தனக்கென்று தனி நெட்வொர்க் வைப்பது) ஓடினாலும் கேமரா ஒயர் முதல் பெட்டியில் சொருகியிருந்தால், அத்தோவுக்குக் காத்திருக்கிறவர் அதை எட்டிப் பார்க்கலாம். கெஸ்ட் வைஃபையில் சேர்ந்த போனில் கேமரா பதிவாகும் பெட்டியின் (டிவிஆர்) ஐபி முகவரியை அடித்துப் பாருங்கள். லாகின் பக்கம் திறந்தால் வாடிக்கையாளர் வைஃபையை முதல் பெட்டிக்கு மாற்றி, பில்லிங், கேமரா ஒயர்களை ரவுட்டர் மோடில் உள்ள இரண்டாவது பெட்டியில் சொருகச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை, அதற்கு 8,000 எல்லாம் ஆகாது.